விலைக்கு வாங்கிய ஓராண்டு

1815ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருபது வயது இளைஞன் ஒருவன் தன் சொந்த வாழ்வின் ஓராண்டைப் பணம் கொடுத்து வாங்கினான். அதுவரை அந்த ஆண்டு இன்னொருவருக்குச் சொந்தம். கொரிந்த் என்ற மலைக்கிராமத்தில், எட்டு வயதுவாக்கில், அண்டை நிலத்துக்காரரிடம் முறி எழுதி வேலைக்கு விடப்பட்டவன் அவன். விறகு, மாடு, கொட்டில், உழவு என்று பன்னிரண்டு ஆண்டு போயிற்று. இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் செலவில்லாமல் விடுதலை. அந்த ஓராண்டைத்தான் அவன் விலைக்கு வாங்கினான்.

அந்த இளைஞன் அலெக்சாண்டர் ட்வைலைட். அவன் வாழ்க்கையில் பின்னால் பட்டம் வந்தது, பிரசங்க மேடை வந்தது, நான்கு மாடிக் கருங்கல் கட்டடம் வந்தது, சட்டமன்ற நாற்காலியும் வந்தது. இவை எல்லாவற்றையும் படித்த பிறகும் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்தக் கொள்முதலில்தான். முறிக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கூலி கிடையாது. சோறும் துணியும் கூரையும்தான். முறிக்காரரின் வேலை முடிந்து எஞ்சிய நேரத்தில்தான் தனக்கென்று எதையும் சம்பாதிக்க முடியும். அப்படிச் சேர்ந்த காசுக்கு நிலமோ ஆட்டுக்குட்டியோ வாங்கியிருக்கலாம். அவன் காலத்தை வாங்கினான். வாங்கிய காலத்தை எடுத்துக்கொண்டு நேராக ராண்டால்ஃப் என்ற ஊரின் ஆரஞ்ச் கவுண்டி கிராமர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்.

அவன் பிறந்தது 1795 செப்டம்பர் 23இல். தந்தை இக்கபாட், அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த சிப்பாய். தாய் மேரி. ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பம், வெளிர் நிறம். வெர்மான்டின் 1777ஆம் ஆண்டு அரசியல் சட்டம், வயது வந்தவர்களை அடிமையாக வைத்திருப்பதைத் தடைசெய்தது. அந்த வகையில் அமெரிக்க மண்ணில் அதுவே முன்னோடி. ஆனால் அந்த விலக்கு ஆணுக்கு 21 வயதிலும் பெண்ணுக்கு 18 வயதிலும்தான் தொடங்கியது. அந்த வயதுக்குக் கீழே ஏழைப் பிள்ளைகளின் உழைப்பை எழுதி வாங்கிக்கொள்வதற்குத் தடை இல்லை. வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படி விடப்பட்டார்கள் என்பது உண்மை. சட்டம் அவனை விடுவித்திருக்க வேண்டிய நாளுக்கு ஓராண்டு முன்பாகவே அவன் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டான் என்பதும் உண்மை.

ராண்டால்ஃபில் ஆறு ஆண்டுகள். தன்னைவிட மிகவும் இளையவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியின் முதல் இரண்டாண்டுப் பாடங்களையும் அங்கேயே படித்தான். 1821இல் மிடில்பரி கல்லூரியில் நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேர்ந்தான். 1823இல், 28 வயதை நெருங்கும்போது, இளங்கலைப் பட்டம். ஓர் அமெரிக்கக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

இந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ் வாசகருக்கு அது முற்றிலும் அந்நியமான இடம் அல்ல. மிரோன் வின்ஸ்லோ வெர்மான்டில் பிறந்து, 1815இல் இதே மிடில்பரியில் பட்டம் பெற்றவர். ட்வைலைட் தன் ஓராண்டை வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போன அதே ஆண்டு அது. பின்னர் அமெரிக்க மிஷனோடு யாழ்ப்பாணம் வந்தார். அவர் மனைவி ஹாரியட் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 60,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ் அகராதி 1862இல் சென்னையில் அச்சாயிற்று. வெர்மான்டை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்தின் திருச்சபைகளில் கற்பித்தலும் பிரசங்கமும் ஒரே ஊழியத்தின் இரண்டு கைகள். வாரம் முழுவதும் உபாத்தியாயர், ஞாயிறன்று உபதேசியார் என்று வாழ்ந்தவர்களை நெல்லைச் சீமையின் மிஷன் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலும் நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். ட்வைலைட் அந்த வார்ப்பில் வந்தவர்தான். வின்ஸ்லோ கடல் கடந்தார். ட்வைலைட் தன் மாநிலத்தின் வட கோடிக்குப் போனார்.

மிடில்பரி 1804இலேயே லெமுவெல் ஹெய்ன்ஸ் என்ற கறுப்பினப் போதகருக்கு மதிப்புறு முதுகலைப் பட்டம் அளித்திருந்தது. ஹெய்ன்ஸும் கைக்குழந்தையாக முறி எழுதிக் கொடுக்கப்பட்டு 21 வயதுவரை உழைத்தவர். வெர்மான்டின் ரட்லண்டில் வெள்ளைக்காரச் சபைக்கு முப்பது ஆண்டு போதகராக இருந்தவர். இதை மட்டும் பார்த்தால் மிடில்பரி காலத்தை முந்திய கல்லூரி என்று தோன்றும். ஆனால் ட்வைலைட் படித்து வெளியேறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், ஆண்ட்ரூ ஹாரிஸ் என்ற இளைஞர் விண்ணப்பித்தபோது, நிறத்தைக் காரணமாகக் கொண்டு அதே கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. ஹாரிஸ் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1838இல் பட்டம் பெற்று, அடிமை ஒழிப்புக்காகப் பேசும் போதகரானார்.

ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவருக்கு ஏன் மூடியது? இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் காற்று மாறியிருந்தது என்பது ஒரு காரணம். அடிமை ஒழிப்பு இயக்கம் உரத்துப் பேசத் தொடங்க, அதற்கு எதிரான அச்சமும் கூடவே வளர்ந்தது. இன்னொரு காரணமும் இருக்கலாம். ட்வைலைட் கறுப்பினத்தவர் என்று கல்லூரியில் எவரும் எண்ணியிருக்கவில்லை என்பது சில வரலாற்றாசிரியர்களின் வாதம். அவர் குடும்பத்தின் நிறம் எல்லா ஆவணங்களிலும் ஒரே மாதிரியாகப் பதிவாகவில்லை. எழுதியவரின் கண்ணையும் ஊரின் பேச்சையும் பொறுத்து அது மாறியது. நான் இந்த வாதத்தின் பக்கம் சாய்கிறேன். அப்படிச் சாயும்போதே ஒரு வலியும் கூடவே வருகிறது. அவருக்கு எல்லாம் கிடைத்தது, அவர் யார் என்று பிறர் அறியாததால் கிடைத்தது என்றால், அந்தப் பட்டத்தின் பெருமையைக் கல்லூரி எந்தக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது?

நிறம் வெளிப்படையாகத் தெரிந்த பட்டதாரிகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1826இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார் எட்வர்ட் ஜோன்ஸ். அதே ஆண்டு போடன் கல்லூரியில் பட்டம் பெற்றார் ஜான் பிரவுன் ரஸ்வர்ம். ட்வைலைட்டின் கதை பரவலாகத் தெரியவரும் முன்னர், முதலாமவர் என்ற பெயர் இவர்களுக்குத்தான் இருந்தது. ஜோன்ஸ் சியரா லியோனுக்குப் போனார். அங்கே ஃபூரா பே கல்வி நிலையத்தின் தலைவரானார். ரஸ்வர்ம் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் செய்தித்தாளை 1827இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் மனம் கசந்து லைபீரியா போய்ச் சேர்ந்தார். 1849இல் மிடில்பரியிலேயே பட்டம் பெற்ற மார்ட்டின் ஃப்ரீமன், பிட்ஸ்பர்க் அருகே ஒரு கல்லூரிக்குத் தலைவராகி, அமெரிக்காவில் கல்லூரித் தலைவரான முதல் கறுப்பினத்தவர் என்ற இடத்தைப் பெற்ற பின், அவரும் லைபீரியாவுக்கே போனார். படித்த கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடுவதே நல்லது என்று நம்பிய கனவான்கள் அன்று வடக்கு மாநிலங்களில் நிறைய இருந்தார்கள். 1816இல் அதற்கென்றே ஒரு சங்கமும் அமைந்தது. போனவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தங்கள் படிப்புக்குத் தகுந்த வேலையும் மரியாதையும் பிறந்த நாட்டில் கிடைத்திருந்தால் அத்தனை பேரும் கப்பல் ஏறியிருப்பார்களா?

ட்வைலைட் போகவில்லை. வெர்மான்டில் பிறந்து, வெர்மான்டின் பாறையை உடைத்து, வெர்மான்ட் மண்ணிலேயே புதைந்தார்.

பட்டம் பெற்றதும் நியூயார்க் மாநிலத்தின் பெரு என்ற ஊரில் நான்கு ஆண்டு ஆசிரியர். 1826இல் மெர்சி லாட் மெரிலை மணந்தார். வேலைக்கு நடுவே வேதசாஸ்திரம் படித்து, பிரசங்கிக்கும் உரிமம் பெற்றார். வெர்மான்டுக்குத் திரும்பிச் சிறிது காலம் வெர்ஜென்ஸ் ஊரில் வேலை. 1829இல் பிரௌனிங்டன்.

பிரௌனிங்டன், கனடா எல்லைக்குச் சற்றுத் தெற்கே, ஆர்லியன்ஸ் கவுண்டியின் ஒரு குன்றின்மேல் உள்ள ஊர். பனிக்காலம் நீளமானது. ஊருக்கு ஊர் சாலை உண்டு என்றாலும், பிள்ளைகள் தினமும் நடந்து வந்து போகும் தூரத்தில் எல்லாக் குடும்பங்களும் இல்லை. அந்தக் கவுண்டிக்கு ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி. அதற்கு ட்வைலைட் தலைமை ஆசிரியர். அதே ஊரின் சபைக்குப் போதகரும் அவர்தான். 1829 நவம்பரில் குருத்துவ அபிஷேகம் பெற்றார். பையன்களும் பெண்களும் தூர ஊர்களிலிருந்து வந்து படித்தார்கள். வந்தவர்கள் தங்க இடம் வேண்டியிருந்தது. பள்ளியின் அறங்காவலர்களிடம் தங்கும் கட்டடம் கேட்டார். பணம் இல்லை என்றார்கள்.

அவர் கட்டினார். 1834இல் தொடங்கி 1836இல் முடிந்தது. நான்கு மாடி, முழுக்கக் கருங்கல். ஏதன்ஸ் மண்டபம் என்று பெயர் வைத்தார். வெர்மான்டில் கருங்கல்லால் எழுந்த முதல் பொதுக் கட்டடம் என்று அதைச் சொல்கிறார்கள். மரவீடுகளும் புல்வெளிகளும் உள்ள அந்தக் குன்றின்மேல் இவ்வளவு பெரிய கல் மாளிகை என்பது அன்றைக்கு ஊரார் கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும்! ஏதோ நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோலத் தோன்றியிருக்க வேண்டும். சமையலறை, சாப்பாட்டுக் கூடம், மாணவர் அறைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அந்தக் கட்டடத்தின் மாதிரி அவருடைய மிடில்பரியிலேயே இருந்தது. அங்கே அவர் பார்த்துப் பழகிய பெயின்டர் மண்டபமும் பல மாடிகள் கொண்ட சாம்பல் நிறக் கல் கட்டடம்தான். கல்லூரியில் தமக்குக் கிடைத்ததை, கல்லூரிக்குப் போக வாய்ப்பே இல்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் ஊரிலேயே எழுப்பிக் கொடுக்க நினைத்தார் என்று அதை நான் படிக்கிறேன்.

ட்வைலைட் தனியொருவராக, ஒற்றைக் காளையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தை எழுப்பினார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அழகான கதைதான். ஆனாலும் எனக்கு அது உவப்பாக இல்லை. நான்கு மாடிக்குக் கல் ஏற்றியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கொத்தன், தச்சன், வண்டிக்காரன் என்று பெயர் பதியாத கைகள். இளமையில் தானும் அப்படிப் பெயர் பதியாத கையாக இருந்த ஒரு மனிதரின் புகழுக்காக அவர்களை அழிப்பதில் நியாயம் இல்லை. அவர் செய்தது வேறு வகையில் பெரியது. அதிகாரம் உள்ளவர்கள் முடியாது என்று சொன்ன பிறகு, கடனையும் பழியையும் தம் தலையில் ஏற்றிக்கொண்டு, வேலையைத் தொடங்கி வைத்தார். வகுப்பு நடத்துவதோடு கல் வருகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. 1834இல் போதகர் பொறுப்பிலிருந்து விலகினார். கட்டடம் தொடங்கிய ஆண்டும் அதுதான்.

கட்டடம் முடிந்த அதே 1836இல் பிரௌனிங்டன் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. வெர்மான்டின் கீழவையில் அன்று ஊருக்கு ஒரு பிரதிநிதி. பெரிய ஊரானாலும் சின்ன ஊரானாலும் ஒரே ஓட்டு. ஓராண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஆகவே அரசியலைத் தொழிலாகக் கொள்ளாத விவசாயியும் கடைக்காரரும் வாத்தியாரும் தலைநகர் மாண்ட்பீலியருக்குப் போய்ச் சில வாரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கராக ட்வைலைட் இன்று அறியப்படுகிறார். அதே ஆண்டில் அட்லாண்டிக்கின் அக்கரையில் ரஸ்வர்ம், லைபீரியாவை ஒட்டிய மேரிலாண்ட் குடியேற்றத்துக்கு ஆளுநராக நியமிக்கப்பட்டார்.

மாண்ட்பீலியரில் ட்வைலைட் எதற்காகப் போராடினார்? அடிமை முறைக்கு எதிராக முழங்கினார் என்று எழுத என் கை துடிக்கிறது. நடந்தது அது அல்ல. வெர்மான்டில் ஊர்களுக்கு நிலம் வழங்கியபோதே, ஊருக்கு ஒரு பங்கு கவுண்டியின் கிராமர் பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த நிலங்களின் குத்தகைப் பணம்தான் பள்ளியின் உயிர். ஆர்லியன்ஸ் கவுண்டியின் குத்தகைப் பணம் பிரௌனிங்டன் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தது. கிராஃப்ட்ஸ்பரி ஊரில் இன்னொரு பள்ளி எழுந்து, அதற்கும் பங்கு வேண்டும் என்றது. பங்கைப் பிரிக்கக் கூடாது என்று வாதாடவே ட்வைலைட் போனார். பணம் பிரிந்தால் இரண்டு பள்ளியும் மெலிந்து நிற்கும் என்பது அவர் அச்சம். அவர் தோற்றார். பங்கு பிரிந்தது.

வரலாற்றின் தராசில் இது ஓர் ஊர்த் தகராறு. கிராஃப்ட்ஸ்பரியின் பெற்றோர் பக்கம் நின்று பார்த்தால், தம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி வேண்டும் என்று அவர்கள் கேட்டதும் முற்றிலும் நியாயம். ஆனாலும் அந்தச் சிறிய காரணத்தில்தான் அவரை நான் முழுமையாகப் பார்க்கிறேன். குத்தகைக் கணக்குக்காக ஒரு தலைமை ஆசிரியர் சட்டமன்றம் வரை போகிறார். பணம் கொடுத்து ஓராண்டை வாங்கிப் பள்ளிக்குப் போன ஒருவருக்கு, பள்ளியின் பணம் என்பது எண்ணிக்கை மட்டுமாக இருந்திருக்க முடியாது. மாநிலமெங்கும் தன் இனத்துக்காகப் பேசக்கூடிய மேடை கிடைத்தும் பேசவில்லையே என்று இன்று சிலர் ஆதங்கப்படுவது எனக்குப் புரிகிறது. ஹாரிஸ் பேசினார். ட்வைலைட் தம் நிறத்தைப் பற்றிப் பேசாமல் இருந்ததால்தான் பிரௌனிங்டன் பிள்ளைகளுக்கு இருபதாண்டுக்கு மேல் ஓர் ஆசிரியர் கிடைத்திருக்கலாம். அந்த மௌனத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். தியாகம் என்று உயர்த்தவும் எனக்கு உரிமை இல்லை.

அவரிடம் படித்தவர்கள் வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால் சுமார் 3,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கண்டிப்பானவர், சிரிக்கவும் தெரிந்தவர். கல்லூரிக்குத் தயாராக வேண்டிய பையன்களும், கிராமப் பள்ளிகளில் ஆசிரியைகளாகப் போக வேண்டிய பெண்களும் ஒரே கூரையின் கீழ் படித்தார்கள்.

1847இல் அறங்காவலர்களோடு முரண்பட்டு விலகினார். எல்லையைத் தாண்டி, கியூபெக்கின் ஷிப்டன், ஹாட்லி ஊர்களில் கற்பித்தார். அவர் இல்லாமல் பிரௌனிங்டன் பள்ளி தளர்ந்தது. 1852இல் திரும்பி வந்தார். பள்ளியும் சபையும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டே சபையை விட்டார், பள்ளியை வைத்துக்கொண்டார். 1855 அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. 1857 ஜூன் 19இல் மறைந்தார். குழந்தைகள் இல்லை. அவர் பிரசங்கித்த சபையின் இடுகாட்டிலேயே அடக்கம்.

பள்ளி 1859இல் மூடப்பட்டது. அவர் இறந்து இரண்டே ஆண்டு. இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கல்லை அடுக்கத் தெரிந்தவர் தமக்குப் பின் பொறுப்பேற்கும் மனிதர்களை அடுக்கிவைக்கவில்லை. ஒரு நிறுவனம் ஒருவரின் பிடிவாதத்தில் எழுந்தால் அவருடைய உடல்நலத்தோடு சேர்ந்தே சாய்கிறது. 1836இல் பிரிந்துபோன குத்தகைப் பணத்துக்கும் இந்தச் சாய்வில் பங்கு இருந்திருக்கும். பின்னர் ரயில்பாதையும் பிரௌனிங்டனை விட்டு விலகிப் போக, அந்த ஊர்ச் சாலையில் போக்குவரத்து வற்றியது. அதனாலேயே ஊர் பெரிதாக மாறாமல் நின்றது. கட்டடமும் இடிபடாமல் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவுண்டியின் வரலாற்றுச் சங்கம் அதை வாங்கி அருங்காட்சியகமாக்கியது. இன்று அதன் பெயர் பழைய கல் வீடு. 2016இல் அந்த ஊரின் பழைய பள்ளிக் கட்டடத்தை, மாடுகளைப் பூட்டி இழுத்து, கல் வீட்டுக்கு அருகிலுள்ள அதன் முந்தைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

மிடில்பரியில் அவர் பெயரில் ஒரு கட்டடம் உள்ளது. 2020இல் மாநில ஆளுநர் செப்டம்பர் 23ஐ அவர் நினைவு நாளாக அறிவித்தார். 2022இல் மாண்ட்பீலியரின் சட்டமன்றக் கட்டடத்தில் அவர் உருவப்படம் திறக்கப்பட்டது. இந்த மரியாதைகள் எல்லாவற்றிலும் முதலாமவர் என்ற சொல் தவறாமல் வருகிறது. அவர் வாழ்நாளில் அந்தச் சொல் அவர் காதில் விழுந்ததே இல்லை. கல்லூரியும் மாநிலமும் நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகு கண்டெடுத்துத் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் அது.

வெர்மான்ட் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாவது ஆப்பிரிக்க அமெரிக்கர் வில்லியம் ஆண்டர்சன். மிடில்பரிக்கு அருகே ஷோரம் ஊரில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்தவர். அவர் தேர்தலில் வென்றது 1944இல். ட்வைலைட் தேர்ந்தெடுக்கப்பட்டு 108 ஆண்டுகளுக்குப் பிறகு.